வீட்டு ஸ்பீக்கர் பெட்டி செய்து விற்கிறேன். கார் ஆடியோ பக்கமும் இறங்கலாமா?

இறங்கலாம். ஆனால் பெட்டியோடு நில்லுங்கள், வாகனத்தின் வயரில் கை வைக்காதீர்கள். அவசரக்காரர்கள் இந்த இரண்டு வரியோடு போகலாம். மிச்சமெல்லாம் 2017இல் நான் பட்ட பாடு.

கேள்வியைப் பார்த்தவுடன் உங்கள் நிலைமை கண்ணுக்குள் வந்துவிட்டது தம்பி. வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டில். மரம் குடையும் றவுட்டர் ஒன்று, ஒரு வட்டவாள், சுவரில் சாய்த்து வைத்த எம்.டி.எஃப் பலகை நாலு. மாதம் இரண்டு மூன்று சோடிப் பெட்டி போகும், கல்யாண மாதங்களில் கொஞ்சம் கூட. பிறகு யாரோ ஒரு கார்க்காரர் வந்து உங்கள் பெட்டியைக் கேட்டுவிட்டு, "இது மாதிரி ஒண்டு என்ர காருக்கும் செய்து தாங்கோவன்" என்றிருப்பார். அன்றிரவு உங்களுக்கு நித்திரை வந்திருக்காது. அப்படியில்லை, எனக்குப் பெரிய தொழிற்சாலையே இருக்கிறது என்றால் மன்னிக்கவும், இந்தப் பதில் உங்களுக்கானது அல்ல.

நான் கிளிநொச்சி. பொறியியல் படித்தவன் இல்லை, ஓம் விதி தெரியும், மரவேலை தெரியும், அவ்வளவுதான். கீழே வந்து திருத்தப் போகிறவர்கள் இதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

கார் ஆடியோ என்றால் 12 வோல்ற், அது வீட்டு ஸ்பீக்கர் செய்பவனுக்குப் புது உலகம் என்று யூடியூபில் சொல்வார்கள். வன்னியில் வளர்ந்தவனுக்கு 230 வோல்ற்தான் புது உலகம். தொண்ணூறுகளில் எங்களுக்கு மின்சாரம் இல்லை, பொருளாதாரத் தடையில் டோர்ச் பற்றரியும் கிடைக்காது. 1996இல் நாங்கள் இடம்பெயர்ந்து மல்லாவியில் இருந்தோம், எனக்குப் பதினொரு வயது. செய்தி நேரத்துக்கு அப்பா சைக்கிளைக் கவிழ்த்து வைப்பார். டைனமோவைச் சில்லோடு முட்டவிட்டு நான் பெடலைக் கையால் சுற்ற வேண்டும். டைனமோ தருவது 6 வோல்ற், 3 வொட், அதுவும் ஆடலோட்ட மின். நாலு டயோட்டும் ஒரு கொண்டென்சரும் போட்டு நேராக்கித்தான் றேடியோவுக்குக் கொடுப்பது. என் கை தளர்ந்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் தளர்ந்து போகும். அயலட்டை முழுக்கக் குந்தியிருந்து கேட்கும். முக்கியமான இடத்தில் குரல் அமுங்கினால் ஏச்சு எனக்கு.

அப்புறம் ட்ரக்ரர் பற்றரியில் கசற் செற், எல்.ஏ. 4440 ஐ.சி. போட்ட கையால் செய்த அம்பிளிபயர். அந்த ஐ.சி. பக்கத்துக்கு 6 வொட் தரும், இரண்டு பக்கத்தையும் சேர்த்து ஒரே ஸ்பீக்கருக்கு ஓட்டினால், அதாவது பாலம் போட்டால், 19 வொட். 2002இல் வன்னிக்கு வரும் ஏ9 பாதை திறந்த பிறகு சாமான் தாராளமாக வந்தது, 2006 ஓகஸ்டில் பாதை மூடியதும் அதுவும் போயிற்று. போர் முடிந்து கரண்ட் வயர் எங்கள் ஒழுங்கை வரை வந்த பிறகுதான் நான் வீட்டுப் பெட்டிக்கு மாறினேன். ஆகவே 12 வோல்ற் எனக்குத் தாய்ப்பால் மாதிரி என்ற தலைக்கனம் இருந்தது. அதுதான் என்னைக் கொண்டுபோய் விழுத்தியது.

2017 சித்திரையில் ஒரு ஹயஸ் வான்காரர் வந்தார். ஹயர் ஓடுகிறவர். வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலுக்கு ஆட்களை ஏற்றிப்போக வேண்டும், அதற்கு முன் வானுக்குள் நல்ல சத்தம் வேண்டும். "காசு பிரச்சினையில்லை தம்பி" என்றார். இதைச் சொல்கிற வாடிக்கையாளரிடம் முழுக்காசையும் முன்னமே வாங்கிவிடுங்கள். நான் பாதிதான் வாங்கினேன்.

முதல் நாள் என்னிடமிருந்த ஒரு சோடி வீட்டுப் பெட்டியையே வானில் வைத்து அவருடைய றேடியோ செற்றில் கொழுவிப் பார்த்தோம். சத்தம் ஏறவில்லை. செற்றின் முகத்தில் '50 வொட் நாலு' என்று எழுதியிருக்கும், நம்பாதீர்கள். இயந்திரம் ஓடும்போது உள்ளே வருவது 14.4 வோல்ற் அளவுதான். பாலம் போட்டு ஓட்டினாலும் 4 ஓம் ஸ்பீக்கருக்குச் சுத்தமாகக் கிடைப்பது கிட்டத்தட்ட 20 வொட். வீட்டு ஸ்பீக்கர் பெரும்பாலும் 8 ஓம், தடை இரட்டிப்பு, அதில் அந்த இருபதும் பாதியாகிவிடும். சரி என்று 4 ஓம் ஸ்பீக்கர் வாங்கி, தனி அம்பிளிபயர் போட்டு, பின் கதிரைக்குக் கீழே வைக்கப் புதுச் சப் பெட்டி, அதாவது தாழ்ந்த சத்தத்துக்கு மட்டுமான பெட்டி, செய்தேன். பெட்டியின் அளவு, துவாரம், குழாய் எல்லாம் என் வீட்டுப் பெட்டியின் கணக்கு. கொட்டிலில் வைத்து அடித்துப் பார்த்தபோது தவில் சத்தம் நெஞ்சில் விழுந்தது. அம்மா குசினியிலிருந்து வெளியே வந்து பார்த்தார்.

வானுக்குள் வைத்தோம். தவில் எங்கே போனது என்று தெரியவில்லை, ஒரே ஒரு 'பூம்', பாட்டு முழுக்க அதே பூம். பூட்டிய வாகனத்துக்குள் மிகத் தாழ்ந்த ஸ்வரங்கள் அறைக்குள் போல அலையாக ஓடுவதில்லை, சைக்கிள் பம்ப் காற்றை அமுக்குகிற மாதிரி முழுக் காற்றையும் அமுக்கிவிடுகின்றன. உள் நீளம் மூன்று மீற்றர் என்றால் சுமார் 57 ஹேட்ஸுக்குக் கீழே இது தொடங்கும். கணக்குப்படி அதற்குக் கீழே அலைவெண் பாதியாகும் ஒவ்வொரு தடவைக்கும் 12 டெசிபல் ஏறும். உண்மையில் அவ்வளவு ஏறாது, தகரமும் இடுக்குகளும் கசியவிடும். ஆனால் வீட்டுக்கென்று ஏற்கெனவே பேஸ் தூக்கிவைத்த பெட்டியை அதற்குள் வைத்தால் உப்புப் போட்ட கறிக்கு மேலும் உப்பு. குழாய்க்குள் உடுத்த பழைய சாரம் ஒன்றைச் சுருட்டி அடைத்தேன், அரைவாசி சரியாயிற்று. ஆனால் அந்த வானில் ஏசி ஒழுங்காக வேலை செய்யாது, அவர் கண்ணாடியைத் திறந்துதான் ஓடுவார். திறந்தால் அந்த அமுக்கம் போய்விடும், அப்போது சாரத்தை வெளியே எடுக்கச் சொல்வார். ஒரு கிழமை இந்தச் சாரத்தோடு போயிற்று.

அடுத்தது கீச்சுச் சத்தம். ஆக்சிலேற்றரை மிதிக்க மிதிக்க ஸ்பீக்கருக்குள் ஒரு நுளம்பு உச்சஸ்தாயிக்குப் போகும். இயந்திரம் ஓடும்போது பற்றரிக்குச் சார்ஜ் ஏற்றும் அல்ரனேற்றரிலிருந்து வருவது அது. கரண்ட் வயரையும் பாட்டு வயரையும் ஒரே பக்கமாக ஒன்றாகக் கட்டிக் கொண்டுபோனது என் பிழை. ஏர்த்தைக் கிடைத்த இடத்தில் பெயின்ற்றுக்கு மேலேயே முறுக்கியதும் என் பிழை. இரண்டு முழு நாள் தரைவிரிப்பைக் கிளப்பி வயரைப் பிரித்தேன். கதிரைப் போல்ற்றைக் கழற்றி, அதன் கீழே இருந்த பெயின்ற்றைக் கத்தியால் சுரண்டி, இரும்பு வெள்ளையாக மினுங்கிய பிறகு அதில் ஏர்த்தை இறுக்கினேன். நுளம்பு செத்தது. "அட, இது அடிப்படைதானே, இதுகூடத் தெரியாமலா இறங்கினாய்" என்று யாராவது எழுதப் போகிறீர்கள். தெரியாமல்தான் இறங்கினேன், அதைத்தானே எழுதிக்கொண்டிருக்கிறேன். சைக்கிள் டைனமோவில் தரைவிரிப்பு இல்லை.

பொங்கல் வைகாசித் திங்கட்கிழமை. கடல் நீரில் விளக்கெரியும் கோயில், சனம் இரவிரவாக வரும். வான்காரர் பரந்தன் வழியாகப் போய், வற்றாப்பளையில் ஒரு வளவுக்குள் வானை நிறுத்திவிட்டு, ஆட்கள் கும்பிட்டு வரும்வரை இயந்திரத்தை நிறுத்தி அம்மன் பாட்டு மட்டும் போட்டிருக்கிறார். நாலரை மணித்தியாலம். அந்த அம்பிளிபயர் நடுத்தரச் சத்தத்தில் 10 அம்பியர் அளவு இழுக்கும். பற்றரி 70 அம்பியர்-மணி, அதுவும் பழசு. கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். விடியப்புறம் பிள்ளைகுட்டிகளோடு பதினைந்து பேர் ஏறி உட்கார்ந்த பிறகு சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். காவடி எடுத்து வந்த பெடியன்கள் இறங்கித் தள்ளியிருக்கிறார்கள். எனக்குத் தொலைபேசி வந்தபோது மணி நாலேமுக்கால்.

என்ன சொன்னார் என்பதை எழுத மாட்டேன்.

அதற்குப் பிறகு அந்த வானில் எது பழுதானாலும் நான்தான். அல்ரனேற்றர் போனது, நான். ஏசி குளிரவில்லை, நான். இடப்பக்கக் கதவுக் கண்ணாடி இறங்கவில்லை என்றும் வந்து நின்றார், அந்தக் கதவை நான் தொட்டதேயில்லை. வீட்டுப் பெட்டி விற்றால் அது விறாந்தையில் கிடக்கும், பழுதானால் பெட்டிதான் பழுது. வாகனத்துக்குள் ஒரு வயர் ஓட்டிவிட்டால் முழு வாகனத்துக்கும் நீங்கள் உறவினராகிவிடுவீர்கள்.

ஆடி வெயிலில் பெட்டியும் வாய் பிளந்தது. வெயிலில் பூட்டி நிறுத்திய வாகனத்துக்குள் 60 பாகைக்கு மேலும் போகும். நான் ஒட்டியது வெள்ளைப் பசை, சூட்டில் இளகுகிற பசை. வீட்டுக்கு அது தாராளமாகப் போதும். இதில் மூலைகள் மெல்ல விலகி, இடுக்கால் காற்றடித்து, ஒழுங்கைப் புழுதி உள்ளே போய்... சரி, விடுங்கள்.

சந்தை இல்லை என்று சொல்லவில்லை. இங்கே ஓடும் கார்களில் பெருவாரி ஜப்பானிலிருந்து வந்த பழைய கார்கள். அவற்றின் றேடியோ அந்த நாட்டு எஃப்.எம். அலைவரிசைக்கு, பெரும்பாலும் 76 முதல் 90 மெகாஹேட்ஸ் வரை. நம் நிலையங்கள் 88இலிருந்து 108 வரை. அதனால் எஃப்.எம். கேட்கவே பாண்ட் மாற்றும் பெட்டி பூட்ட வேண்டும், அல்லது செற்றையே மாற்ற வேண்டும். கடைக்காரருக்குக் காசு இதில்தான், பெட்டி செய்பவனுக்கு இதில் ஒரு சதமும் இல்லை. 2020 மார்ச்சிலிருந்து வாகன இறக்குமதி நின்று, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தார்கள். அந்த ஐந்து வருடமும் பழைய கார் பொன் விலை. பொன் விலைக் காரின் கதவில் ஓட்டை போட எவர் விடுவார்? பஸ் செய்யலாமே என்பீர்கள். பெரிய பஸ்ஸும் லொறியும் 24 வோல்ற். இரண்டு பற்றரியில் ஒன்றில் மட்டும் 12 வோல்ற் எடுத்து செற் ஓட்டி, அந்த ஒரு பற்றரியைச் சாகடித்துவிட்டு "பற்றரி சரியில்லை" என்று சொல்கிறவர்கள் எத்தனை பேர்! முறையாகக் குறைத்துத் தரும் கொன்வேட்டர் போட்டால் செலவு கூடும், முதலாளி சம்மதிக்க மாட்டார்.

பெரிய கம்பனிகளும் வீட்டிலிருந்து காருக்குப் போனவைதானே என்று ஒருவர் என்னோடு வாதாடினார். போனார்கள்தான். போஸ் 1983 மொடல் ஜெனரல் மோட்டர்ஸ் கார்களுக்குச் செய்தது. ஆனால் அவர்கள் அந்தந்தக் காரை முன்னால் வைத்து அளந்து, அந்த உள்வெளிக்கென்றே செய்தார்கள், கார் கம்பனியே பூட்டிக் கொடுத்தது. ஜே.பி.எல். வைத்திருக்கும் ஹார்மனை சாம்சுங் 2017இல் 800 கோடி டொலருக்கு வாங்கியதும் பெரும்பாலும் அதன் கார் பக்கத்துக்காகத்தான். அவர்களில் எவரும் வான்காரரின் கதிரைக்குக் கீழே குப்புறப் படுத்துச் சுரண்டவில்லை.

இதற்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த வருடம் செற்றும் ஸ்பீக்கரும் மொத்தமாக வாங்கிப்போட ஒரு வங்கியில் கடன் கேட்டேன். இரண்டு அரச உத்தியோகத்தர் பிணை நிற்க வேண்டுமாம். வன்னியில் ஒரு வாத்தியார் ஏற்கெனவே மச்சானுக்கும் தங்கை புருஷனுக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் கையெழுத்து வைத்துவிட்டு ஒளித்துத் திரிகிறார். நான் போனால் அவர் மனைவிதான் வாசலுக்கு வருவார், "சேர் இல்லை" என்று. சேரின் செருப்பு வாசலில் கிடக்கும். என் றவுட்டரையும் வாளையும் மரத்தையும் காட்டினேன், அவை சொத்து இல்லையாம். அதே வங்கியில் மாதச் சம்பளக்காரர் புது மோட்டார் சைக்கிளுக்குப் போனால் தேத்தண்ணி கொடுத்துக் கூப்பிடுகிறார்கள். தொழில் செய்கிறவனை நம்பாத இடத்தில்... இதைத் தனிக் கேள்வியாக யாராவது கேளுங்கள், விபரமாக எழுதுகிறேன்.

இப்போது என்ன செய்கிறேன்? வவுனியாவில் ஒரு வயர்மன் தம்பி இருக்கிறான், வயரிங் மட்டும் செய்வான், பற்றரிக்குக் கிட்டவே பியூஸ் போடாமல் ஒரு வேலையும் முடிக்க மாட்டான். அவனுக்கு ஓட்டோவின் பின் கதிரைக்குப் பின்னால் வைக்கும் பெட்டியும் சின்னக் கார்களின் டிக்கிக்குப் பெட்டியும் செய்து கொடுக்கிறேன். துவாரமில்லாத மூடிய பெட்டி, தண்ணீர் தாங்கும் பிளைவூட், சூட்டுக்கு இளகாத பசை, ஒவ்வொரு விளிம்பிலும் ஆணி இல்லாமல் திருகாணி. அளவை அவன் அனுப்புவான், பலகையை நான் வெட்டுவேன், காசைக் கையில் தருவான். வாகனத்தின் முகத்தை நான் பார்ப்பதேயில்லை. வீட்டுப் பெட்டிக்கும் இதற்கும் இப்போது வருமானம் கிட்டத்தட்டச் சரிபாதி. கொழும்பில் பெரிய கடை வைத்து எல்லாம் தாங்களே செய்து வெல்கிறவர்கள் கோபிக்க வேண்டாம். உங்களிடம் ஆளும் இருக்கிறது, கூரை போட்ட இடமும் இருக்கிறது. என்னிடம் ஒரு வேப்பமர நிழல்தான்.

அந்த வான்காரர் வானை 2021இல் நல்ல விலைக்கு விற்றுவிட்டார். சப் பெட்டியைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்திருக்கிறார். மூலைகளை நான்தான் திரும்ப ஒட்டிக் கொடுத்தேன், குழாய்க்குள்ளிருந்த சாரத்தையும் எடுத்துவிட்டேன். விறாந்தையில் அருமையாகப் பாடுகிறது. மிச்சப் பாதிக் காசு இன்னும் வரவில்லை.