நுகர்வோர் கேள்வி-பதில்: புழு சாகவில்லை, மருந்து போலியா?

கேள்வி: கோவாவில் வைரமுதுகு அந்தின் புழு. நுவரெலியாக் கடையொன்றில் 'ஓமோன் மருந்து' என்று விலை கூடிய போத்தலைத் தந்தார்கள். அடித்து மூன்று நாளாகியும் புழு நடமாடுகிறது. பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா?
- விவசாயி, கந்தப்பளை

பதில்: கடைக்குப் போகுமுன் லேபலில் செயற்படு பொருளின் பெயரைப் பாருங்கள். 'ஓமோன் மருந்து' என்பது கடைப்பேச்சு. ஒன்றுக்கொன்று நேர்மாறான சரக்குகளையும் அந்தப் பெயரில் விற்கிறார்கள்.

பூச்சியின் உடலிலேயே சுரக்கும் இளமை ஓமோன் கூடியிருக்கும்வரை புழு தின்றுகொண்டே இருக்கும். தின்றது கொழுப்பாகவும் கிளைக்கோஜனாகவும் புரதமாகவும் உடலில் சேரும். இளமை ஓமோன் குறைந்து, தோலுரிக்கவைக்கும் ஓமோனான எக்டைசோன் ஏறும்போது தீனி நின்று கூட்டுப்புழுவாகும். கூட்டுக்குள் உணவே கிடையாது. சிறகு முளைக்கும் செலவு முழுவதும் பழைய சேமிப்பிலிருந்துதான். அனுசேபமும் (உடல் சக்தியைச் செலவிடும் வேகம்) முதலில் தணிந்து, அந்து வெளிவரும் தறுவாயில் மீண்டும் ஏறும்.

டெபுஃபெனோசைட் எக்டைசோனைப் போல நடிக்கும் மருந்து. புழு காலத்துக்கு முன்பே தோலுரிக்கத் தொடங்கி, முடிக்க முடியாமல் சிக்கிக்கொள்ளும். தீனியை விரைவில் விட்டுவிடும்; சாவதற்குச் சில நாள் பிடிக்கும். ஆகவே நடமாட்டத்தை விடுங்கள், இலையில் புதிய ஓட்டை விழுகிறதா என்று பாருங்கள். விழவில்லையென்றால் மருந்து வேலை செய்கிறது.

நொவாலுரோன், லுஃபெனுரோன் ஆகியவை ஓமோன் வகையே அல்ல. புதுத் தோலுக்கு உறுதி தரும் கைட்டின் என்ற பொருள் உருவாவதைத் தடுப்பவை. அடுத்த தோலுரிப்புவரை புழு தின்னும். உங்கள் ஊர்க் குளிரில் பூச்சி வளர்வதே மெதுவாகத்தான், காத்திருப்பும் நீளும்.

மெத்தோபிரீன், பைரிப்ரொக்சிஃபென் என்றிருந்தால் கதை வேறு. இவை இளமை ஓமோனைப் போல நடிக்கும் வகை, புழுவின் தீனியை நிறுத்தாது. வளர்ந்த பூச்சியே தொல்லையாகும் நுளம்புக்கும் தெள்ளுக்கும் நல்லவை. பட்டுப்புழுவை மேலும் சில நாள் தின்னவைத்துக் கூட்டைப் பெரிதாக்க மெத்தோபிரீன் கொடுப்பதுண்டு! கோவாப் புழுவுக்கென்று கேட்டவருக்கு இதைத் தந்திருந்தால் மாற்றித் தரச் சொல்லுங்கள், தயங்க வேண்டாம். மறுத்தால் பற்றுச்சீட்டோடு நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு, 1977 இலக்கத்தில் முறையிடலாம். லேபல் இல்லாமல், வேறு போத்தலில் ஊற்றித் தந்ததென்றால் அடிக்கவே வேண்டாம். உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுங்கள்.

கேள்வி: ஓமோன் மருந்தடித்த கோவா பிள்ளைகளின் வளர்ச்சியைப் பாதிக்குமா?
- இல்லத்தரசி, ஹட்டன்

பதில்: எக்டைசோனும் இளமை ஓமோனும் மனித உடலின் ஓமோன்கள் அல்ல. அதற்காகக் கோவாவில் மருந்தின் எச்சம் இருந்தால் பரவாயில்லை என்று ஆகாது. மருந்தடித்தபின் எத்தனை நாள் கழித்து அறுவடை செய்யலாம் என்பது லேபலில் இருக்கும். அதைக் கடைப்பிடிக்க வேண்டியவர் தோட்டக்காரர். நீங்கள் வெளி இலைகளைக் களைந்து, ஓடும் நீரில் கழுவிச் சமையுங்கள்.