ஒன்பது வருஷ ரிப்போர்ட்டர், யுனிவர்சிட்டில ப்ரோக்ராம் டைரக்டரா போகலாமா? மதுரைல இருந்து கேட்ட அம்மாவுக்கு

வணக்கம்மா. உங்க மெசேஜ ரெண்டு தடவ படிச்சேன். பொண்ணுக்கு 32 வயசு, ஒரு தமிழ் பேப்பர்ல ஒன்பது வருஷமா ரிப்போர்ட்டர், இப்ப ஒரு ப்ரைவேட் யுனிவர்சிட்டில ஜர்னலிசம் கோர்ஸுக்கு ப்ரோக்ராம் டைரக்டரா கூப்பிடுறாங்க, போகட்டுமான்னு கேக்குறீங்க. ராத்திரி பதினொரு மணிக்கு ஜிஎச் வாசல்ல நின்னுக்கிட்டு போன்ல நியூஸ் சொல்ற பொண்ணு, காலைல போயி சாயங்காலம் வீட்டுக்கு வந்துட்டா எந்த அம்மாவுக்குத்தான் நிம்மதியா இருக்காது. ஆனா இந்த ஆஃபர இந்த வருஷம் எடுக்க வேண்டாம்னுதான் நான் சொல்வேன், அந்த வழியே வேண்டாம்னு சொல்லல, ரெண்டும் வேற வேற.

முதல்ல அந்த வேலை என்னன்னு பாப்போம். கிளாஸ் எடுக்கிறது அதுல ஒரு பங்குதான். சிலபஸ மாத்தணும்னா போர்டு ஆஃப் ஸ்டடீஸ்ங்கிற பாடத்திட்டக் குழுல உக்காந்து பேசி ஒப்புதல் வாங்கணும், டைம்டேபிள், கெஸ்ட் லெக்சரர் பில்லு, கேமரா ரிப்பேர், இன்டர்ன்ஷிப்புக்காக ஒவ்வொரு எடிட்டருக்கா போன் போடுறது, காலேஜ், யுனிவர்சிட்டிக்குத் தரம் போடுற நாக் கமிட்டி வர்ற வருஷம்னா ஃபைல் ஃபைலா பேப்பர் அடுக்குறது, அட்மிஷன் சீசன்ல பெத்தவங்க கிட்ட பதில் சொல்றது, இதெல்லாம் சேந்ததுதான் அது. இதுக்கு நடுவுலயும் ஒரு பையன் எழுதிட்டு வந்த மொத ஸ்டோரிய வரி வரியா திருத்திக் குடுக்கிற பொறுமை இருந்தா அந்தக் கோர்ஸு நல்லா வரும். உங்க பொண்ணுகிட்ட அது இருக்குன்னு நம்புறேன், ஆபீஸ்ல புதுசா வர்ற பசங்களுக்கு அவதான் சொல்லிக்குடுக்கிறான்னு நீங்களே எழுதியிருக்கீங்களே.

இந்த மாதிரி மாறினவங்கள்ல நான் அடிக்கடி சொல்ற பேரு அமெரிக்காவுல ஆன் மேரி லிப்பின்ஸ்கி. 1978ல சிகாகோ ட்ரிப்யூன் பேப்பர்ல சேந்தாங்க, சிகாகோ நகர சபைல நடந்த சுயலாபத்தையும் வீண் செலவையும் ரெண்டு பேரோட சேந்து தோண்டி எழுதி 1988ல புலிட்சர்ங்கிற பெரிய பத்திரிகை விருது வாங்கினாங்க, 2001ல இருந்து 2008 வரைக்கும் அந்தப் பேப்பருக்கே எடிட்டர். அங்கருந்து வெளிய வந்ததும் சிகாகோ யுனிவர்சிட்டில ஒரு நிர்வாகப் பொறுப்பு, அப்புறம் 2011ல ஹார்வர்டுல நீமன் ஃபவுண்டேஷனுக்குத் தலைமை. வேலைல இருக்கிற பத்திரிகைக்காரங்களக் கூப்பிட்டு ஒரு வருஷம் யுனிவர்சிட்டில படிக்க வைக்கிற திட்டம் அது, 1938ல இருந்து நடக்குது. இதுல நீங்க கவனிக்க வேண்டியது, அவங்களே 1989-90ல அதே நீமன் ஃபெல்லோவா ஒரு வருஷம் அங்க படிச்சவங்க. அதாவது எடிட்டர் ஆகுறதுக்குப் பத்து வருஷம் முன்னாடியே யுனிவர்சிட்டி எப்படி நடக்குதுன்னு உள்ள இருந்து பாத்தாச்சு, பேப்பர விட்டதுக்கப்புறம் போயி புதுசா கதவத் தட்டல.

நம்ம ஊர்ல அந்தக் கதவுக்குப் பேரு சர்டிஃபிகேட். இத கொஞ்சம் கடுமையாவே சொல்றேன், மன்னிச்சுக்கங்க. பொண்ணு பிஏ முடிச்சுட்டு ஒரு வருஷ பிஜி டிப்ளமோ பண்ணியிருக்கான்னு எழுதியிருக்கீங்க. நியூஸ்ரூமுக்கு அது தாராளம், ஆனா யுஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழு விதிப்படி அசிஸ்டன்ட் புரொஃபசர் ஆகணும்னா 55 சதவீதத்தோட மாஸ்டர்ஸ் வேணும், நெட் மாதிரி தகுதித் தேர்வும் பாஸ் பண்ணணும், ஒரு வருஷ டிப்ளமோவ மாஸ்டர்ஸா எடுத்துக்க மாட்டாங்க. அனுபவத்த மட்டும் வச்சு எடுக்கிற புரொஃபசர் ஆஃப் ப்ராக்டிஸ்னு ஒரு வழிய 2022ல கொண்டு வந்தாங்க, அதுக்கு 15 வருஷ அனுபவம் வேணும், அதுவும் பொதுவா மூணு வருஷம், மிஞ்சிப் போனா நாலு, அவ்வளவுதான் காலம். ஒன்பது வருஷத்துக்கு அது எட்டாது.

அப்ப இப்ப கூப்பிடுறவங்க எந்தக் கணக்குல எடுக்கிறாங்க? ப்ரோக்ராம் டைரக்டர்ங்கிறது யுஜிசியோட ஆசிரியர் பதவிகள்ல ஒண்ணு இல்ல, உள்ளுக்குள்ள குடுக்கிற ஒரு பொறுப்பு. ஆர்டர்ல என்ன பதவின்னு போட்டிருக்கு, வருஷா வருஷம் புதுப்பிக்கிற கான்ட்ராக்டா, பிஎஃப் உண்டா, இந்த மூணையும் எழுத்துல வாங்கிப் பாக்கச் சொல்லுங்க. என்கிட்ட வந்த ஒருத்தர், பதினாலு வருஷ சீனியர் ரிப்போர்ட்டர், இதே மாதிரி டைரக்டர்ங்கிற பதவிப் பேரப் பாத்து வேலைய விட்டார். மொத ரெண்டு மாசம் ஸ்கூல் ஸ்கூலா போயி அட்மிஷனுக்கு ஆள் பிடிக்க விட்டாங்க, அடுத்த வருஷம் கான்ட்ராக்ட புதுப்பிக்கல. திரும்பப் பேப்பருக்கு வந்தப்ப அவரோட பழைய இடம் இல்ல. அவரு முகம் எனக்கு இன்னும் மறக்கல, அதனாலதான் இவ்வளவு சொல்றேன்.

இன்னொண்ணும் இருக்கு, தமிழ் பேப்பர்காரங்களுக்கே உள்ள கஷ்டம். பாதி செய்தி 'நமது நிருபர்'னுதான் வரும், பேரே இருக்காது. நாளைக்கு இன்டர்வியூல உங்க வேலையக் காட்டுங்கன்னா என்னத்தக் காட்டுறது? இப்பவே பெரிய ஸ்டோரிங்க ஒரு இருபத வெட்டி வச்சு, இது இவ எழுதினதுதான்னு எடிட்டர்கிட்ட லெட்டர் வாங்கிக்கட்டும். அப்பாயின்ட்மென்ட் ஆர்டர், சேலரி ஸ்லிப், பிஎஃப் ரெக்கார்டு எல்லாம் ஒரே ஃபைல்ல இருக்கணும். மொத ரெண்டு வருஷம் பார்ட் டைமா இருந்ததுக்கு ஆர்டரே இல்லைன்னா அத அனுபவக் கணக்குல சேக்க மாட்டாங்கன்னே வச்சுக்கங்க.

நான் சொல்ற வழி இது. வேலைல இருந்துக்கிட்டே, தொலைதூரக் கல்வி நடத்துற இக்னோ யுனிவர்சிட்டில ஜர்னலிசம் எம்ஏ சேரட்டும், ரெண்டு வருஷம். கடைசி வருஷம் படிக்கும்போதே நெட் எழுதலாம், வருஷத்துக்கு ரெண்டு தடவ நடக்குது, மொத்தம் 300 மார்க், தப்பான பதிலுக்கு மைனஸ் கிடையாது. ஜர்னலிசம் பேப்பர் தமிழ்ல கிடையாது, இங்கிலீஷ் இல்லன்னா இந்தி, அதனால தினமும் இங்கிலீஷ்ல படிக்கிற பழக்கத்த இப்பவே ஆரம்பிக்கணும். அதே நெட்ல நல்ல மார்க் வாங்கினா கிடைக்கிற ஆராய்ச்சி உதவித்தொகை ஜேஆர்எஃப், அதுக்கு பொதுவா வயசு வரம்பு 30, ஆனா பெண்களுக்கு அஞ்சு வருஷம் தளர்வு உண்டு, அதனால 34 வயசுல எழுதினாலும் வாய்ப்பு இருக்கு. அது கெடச்சா மாசம் 37,000 ரூபா உதவித்தொகையோட பிஹெச்டி பண்ணலாம். இப்ப கூப்பிட்ட அதே யுனிவர்சிட்டில டைரக்டர் வேண்டாம், வாரம் ஒரு கிளாஸ் கெஸ்ட் லெக்சரரா வரேன்னு கேக்கட்டும், ஆபீஸ்ல அனுமதி வாங்கிக்கிட்டு. பசங்க முன்னாடி நின்னு பாத்தா ரெண்டு மாசத்துல அவளுக்கே தெரிஞ்சுடும் இது பிடிக்குதா, இல்ல நைட் டூட்டிதான் பிடிக்காமப் போச்சான்னு.

நைட் டூட்டிதான் பிரச்சனைன்னா அத இப்பவே எடிட்டர்கிட்ட பேசி பகல் டூட்டிக்கு மாத்திக் கேக்கலாம், அதுக்கு வேலைய விட வேண்டியதில்லம்மா. கல்யாணப் பேச்சும் ஓடுதுன்னு கடைசில எழுதியிருந்தீங்க, அத இதோட முடிச்சுப் போட வேண்டாம், அவகிட்டயே தனியா பேசுங்க. ஆஃபர் லெட்டர் கைக்கு வந்ததும் கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு காப்பி அனுப்பச் சொல்லுங்க, ஞாயித்துக்கிழமை உங்க ரெண்டு பேரோடயும் உக்காந்து படிச்சுடலாம்.