ஐந்தரைக் கட்டை – கடிதம்

அன்புள்ள அண்ணா,

பினாங்கிலிருந்து எழுதுகிறேன். வயது 29. வயலின் வாசிக்கிறேன். வாரநாட்களில் பிள்ளைகளுக்கு வகுப்பு, சனி ஞாயிறில் கல்யாண மண்டபம், கோயில் கச்சேரி. சென்ற ஆண்டு மருத்துவர் எனக்கு ஆட்டிசமும் ஏடிஎச்டியும் (கவனம் நிலைக்காமல் அலையும் நிலை) இருப்பதாகச் சொன்னார். ‘ரெண்டும் எப்படி ஒருத்திக்கே இருக்கும்? இதெல்லாம் இப்போது வந்த ஃபேஷன்’ என்கிறார் மாமா.

வாசிப்பதில் எனக்குச் சிரமமில்லை. மற்ற எல்லாவற்றிலும் சிரமம். குழுத்தலைவர் பாட்டுப் பட்டியலை மேடையில்தான் சொல்வார். முன்னாலேயே கேட்டால் பிடிவாதம் என்பார். வாட்ஸ்அப்பில் ஐந்து நிமிடக் குரல் பதிவாக அனுப்புவார். அதில் எனக்கு வேண்டியது ஒரு வரி இருக்கும். இடைவேளையில் எல்லாரோடும் சாப்பிடாமல் காரில் போய் உட்காருவதால் திமிர் பிடித்தவள் என்று பெயர். சுருதிப் பெட்டி ஒரு நூல் விலகினாலும் எனக்குப் பல் கூசும். அதை மட்டும் ‘வரம்’ என்கிறார்கள். தைப்பூசத்துக்கு முந்தின நாள் தண்ணீர்மலை முருகன் கோயில் பக்கம் ஒரு தண்ணீர்ப் பந்தலில் வாசிக்கப் போனோம். இந்தப் பக்கம் ஒலிபெருக்கி, அந்தப் பக்கம் ரதத்துக்கு உடைக்கும் தேங்காய். பாதியில் இறங்கி வந்துவிட்டேன். இரண்டு மாதமாக அழைப்பு இல்லை.

விஷயத்தைச் சொல்லிவிடலாமா? சொன்னால் இருக்கிற வாய்ப்பும் போய்விடுமா? மிருதங்கம் வாசிக்கும் உங்களுக்கும் ஏடிஎச்டி என்று முன்பு எழுதியிருந்தீர்கள். அதனால் கேட்கிறேன்.

ம.

அன்புள்ள ம.,

முதலில் மாமாவின் கணக்கை முடித்துவிடுவோம். அவர் சொல்வது ஒரு காலத்தில் மருத்துவர்களே சொன்னதுதான். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டின்படி, ஒருவருக்கு ஆட்டிசம் என்று எழுதிவிட்டால் ஏடிஎச்டி என்றும் சேர்த்து எழுதக்கூடாது. 2013-ல் ஐந்தாம் பதிப்பு வந்தபோதுதான் அந்தத் தடை போனது. நீங்கள் அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பீர்கள். மாமா பழைய பதிப்பில் இருக்கிறார், அவ்வளவுதான்.

எனக்கு 46 வயதில் சொன்னார்கள். அதுவரை என் பெயர் ‘மறதி மாஸ்டர்’. ஞாயிற்றுக்கிழமை கச்சேரிக்குச் சனிக்கிழமையே ஈப்போ போய்ச் சேர்ந்தவன் நான். ஒருமுறை கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் கச்சேரி தொடங்கப் பத்து நிமிடம் இருக்கும்போது, மிருதங்கத்தின் தொப்பியில், அதாவது இடது பக்கத் தோலில், அப்பும் ரவையை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தது தெரிந்தது. எதிரில் இருந்த மாமாக் கடைக்கு, அதாவது இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடைக்கு, ஓடினேன். பரோட்டா மாதிரியான ரொட்டி சானாய் போடுகிறவரிடம் ஓர் உருண்டை மாவு கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. அந்த மாவில் எண்ணெய் இருக்கும் என்பது என் மூளைக்கு எட்டவில்லை. இரண்டாவது கீர்த்தனையில் உருண்டை வழுக்கி என் வேட்டியில் விழுந்தது. பாடகர் சிரித்துவிட்டார். ஏற்பாடு செய்தவர்கள் சிரிக்கவில்லை; அதன் பிறகு அவர்கள் என்னைக் கூப்பிடவும் இல்லை. ஆகவே இரண்டு மாத மௌனம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

சரி, சொல்லலாமா என்ற கேள்விக்கு வருகிறேன்.

ஒரு பாடகி ஐந்தரைக் கட்டையில் பாடுகிறார். கட்டை என்பது அவரவர் குரலுக்கு ஏற்ற சுருதியின் அளவு. அவருக்கு வாசிக்கப் போகும்போது உயர்ந்த சுருதிக்கான எச்சு மிருதங்கத்தை எடுத்துப் போகிறேன். ஒன்றரைக் கட்டை ஆண் குரலுக்குத் தாழ்ந்த சுருதிக்கான தக்கு மிருதங்கம். இரண்டையும் சுமந்துகொண்டு எல்ஆர்டி ரயிலில் ஏறியிருக்கிறேன், என் முதுகைக் கேட்டுப் பாருங்கள். இத்தனை வருடத்தில் யாரும் அந்தப் பாடகியிடம் ‘ஏம்மா ஐந்தரை, எல்லாரையும் போல ஒன்றரையில் பாடேன்’ என்று சொல்லிக் கேட்டதில்லை. அவரும் தன் தொண்டையைப் பற்றி மருத்துவ அறிக்கை அனுப்புவதில்லை. போனில் ‘ஐந்தரை’ என்று ஒரு சொல் சொல்வார். நாங்கள் அதற்கு ஏற்ற வாத்தியத்தோடு போவோம்.

நீங்களும் கட்டையை மட்டும் சொல்லுங்கள். ஆட்டிசம் என்ற சொல்லைக் குழுத்தலைவரிடம் வைத்தால், அவருக்குத் தெரிந்த ஏதோ ஒரு சினிமாப் பாத்திரம்தான் மனதில் வரும். அப்புறம் அந்தப் பாத்திரத்தோடு நீங்கள் போராட வேண்டும். ‘பட்டியல் வெள்ளிக்கிழமைக்குள் வந்தால் நன்றாக வாசிப்பேன்’ என்பது அவருக்குப் புரியும். நேயர் விருப்பம் கடைசி நேரத்தில்தான் வரும், அது மண்டபத்தின் குணம். அதற்காகப் பட்டியலின் அடியில் ஐந்து பாட்டு உபரியாகக் கேட்டு வாங்கிவையுங்கள். குரல் பதிவு வந்தால் பதிலை எழுத்தில் அனுப்புங்கள்: ‘அண்ணா, சனி மாலை 7, 350 ரிங்கிட், மாலை 5 மணிக்கு ஒலிச் சோதனை, சரியா?’ அவர் ஒரு கட்டைவிரலைக் காட்டுவார். நம் தொழிலில் ஒப்பந்தம் என்று இருப்பது அந்தக் கட்டைவிரல்தான். காரில் உட்காருவதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் போனால் திமிர், சொல்லிவிட்டுப் போனால் ஓய்வு. அநியாயம்தான், ஆனால் அப்படித்தான் இருக்கிறது.

முழு விஷயத்தையும் ஒரே ஒருவரிடம் சொல்லுங்கள். மேடையில் உங்கள் பக்கத்தில் உட்காருகிறவரிடம். எனக்கு ஒரு கடம் வாசிப்பவர் இருக்கிறார். கச்சேரிக்கு முந்தின இரவு ‘ரவை’ என்று ஒரே சொல்லை அனுப்புவார்.

காதைப் பற்றி. சுருதி விலகினால் கூசும் காதும், தேங்காய்ச் சத்தம் தாங்காத காதும் ஒரே காதுதான். ஒன்றை வரம் என்றும் மற்றதை வீம்பு என்றும் பிரித்துச் சொல்கிறவர்கள் அந்தக் காதைச் சுமக்காதவர்கள். உதவிச் சுருதி இல்லாமலே இது இன்ன ஸ்வரம் என்று சொல்லும் திறன் ஆட்டிசம் உள்ளவர்களிடம் கூடுதலாகக் காணப்படுகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. பெருஞ்சத்தம் உடம்பையே உலுக்குவதும் அவர்களிடம் கூடுதல்தான். தொழிலிடச் சத்தத்துக்கு நம் மலேசியாவில் 2019-ல் வந்த விதிமுறை, நாளொன்றுக்கு எட்டு மணி நேரத்துக்கு 85 டெசிபல் என்று வரம்பு வைக்கிறது. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் கால் மணி நேரம்தான். அது எந்தக் காதுக்கும் பொருந்தும் கணக்கு. ஆகவே காதுக்கு அடைப்பான் வேண்டும். ஆனால் பஞ்சு அடைப்பான் வேண்டாம். அது மேல்சுருதியைத் தின்றுவிடும், உங்கள் வயலினே உங்களுக்குச் சேறாகக் கேட்கும். எல்லா ஸ்வரத்தையும் சீராகக் குறைக்கும் இசைக்கலைஞர் அடைப்பான் என்றே கடையில் கிடைக்கிறது. எனக்கு அதைப் போட்டு வாசிக்கப் பழக ஒரு மாதம் ஆனது.

ஒன்றை மட்டும் கொஞ்சம் கடுமையாகச் சொல்கிறேன். பாதியில் இறங்கியது தவறில்லை. சொல்லாமல் இறங்கியதில் உங்கள் பங்கும் இருக்கிறது. குழுத்தலைவருக்கு நாலு வரி எழுதி அதை முடித்துவிடுங்கள். இனிப் பந்தல் வேலையை ஏற்காதீர்கள். அந்தச் சத்தத்தில் உங்கள் வயலின் முருகனுக்கே கேட்காது. லூயிஸ் கபால்டி என்ற ஸ்காட்லாந்துப் பாடகர் தனக்கு டூரெட் என்ற, உடம்பு தானாகவே துடிக்கும் நரம்புக் கோளாறு இருப்பதை 2022-ல் வெளியே சொன்னார். அடுத்த ஆண்டு இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி இசைவிழா மேடையில் பாட்டை முடிக்க முடியாமல் நின்றபோது கூட்டமே பாடியது. பிறகு இரண்டு ஆண்டு ஒதுங்கியிருந்து 2025-ல் அதே விழாவுக்குத் திரும்பினார். நம் மண்டபத்தில் கூட்டம் பாடாது, பிரியாணி வரிசையில் நிற்கும். அதனால் ஒதுங்க வேண்டிய இடத்தை நாமே முன்கூட்டிப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மாற்றுத்திறனாளி அட்டை பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யாராவது சொல்வார்கள். 2008-ன் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின்படி பதிவு கட்டாயமில்லை. சமூகநல இலாகாவின் பகுப்பில் ஆட்டிசமும் ஏடிஎச்டியும் ‘கற்றல் பிரச்சினை’ என்ற தலைப்பில் வரும். முப்பத்தைந்து தாளத்தையும் தலையில் வைத்திருக்கும் எனக்குக் கற்றல் பிரச்சினை! சிரித்துக்கொண்டேதான் படிவத்தை நிரப்பினேன். பயன்பட்டால் எடுங்கள், இல்லையென்றால் விடுங்கள்.

அடுத்த மாதம் ஓர் அரங்கேற்றத்துக்கு வாசிக்க பட்டர்வொர்த் வருகிறேன். வயலினுக்கு இன்னும் ஆள் முடிவாகவில்லை. பாடும் பெண்ணுக்கு ஐந்தரைக் கட்டை. உங்களுக்கு விருப்பமென்றால் பட்டியலை இந்த வாரமே அனுப்பிவிடுகிறேன், ஒரு பாட்டும் மாறாது. பதிலாக, முந்தின இரவு ரவையை நினைவுபடுத்துங்கள். அந்தக் கடம்காரர் இந்த முறை வரவில்லை.