பாதி மெருகிட்ட பிரெஞ்சு ஜாடி

கேள்வி: துலூஸ் நகரில் வசிக்கும் என் மகள், அங்குள்ள பழம்பொருள் சந்தையில் வாங்கிய மண் ஜாடி ஒன்றைக் கொண்டுவந்திருக்கிறாள். வாயிலிருந்து நடுவயிறு வரை மஞ்சள் மெருகு மின்னுகிறது. கீழ்ப்பாதி வெறும் மண்ணாகவே இருக்கிறது. இது குறையா? இதில் மாவடு போடலாமா?
– வாசகி, புதுச்சேரி

பதில்: மாவடு வேண்டவே வேண்டாம், காரணத்தைப் பிறகு சொல்கிறேன். பாதி மெருகு குறை அன்று, அந்த ஜாடியின் அடையாளமே அதுதான். தென்மேற்குப் பிரான்சின் பண்ணை வீடுகளில், குளிர்காலத்தில் அறுத்த வாத்தின் கால்களுக்கு உப்புத் தடவி ஓரிரவு வைத்திருந்து, மறுநாள் அவற்றை வாத்தின் கொழுப்பிலேயே சிறு தீயில் மணிக்கணக்கில் வேகவைத்து, இத்தகைய ஜாடியில் அடுக்கி, இறைச்சி மூழ்கும்வரை உருக்கிய கொழுப்பை ஊற்றிவிடுவார்கள். கொழுப்பு உறைந்ததும் காற்றுப் புகாது. நிலவறையின் குளிர்ச்சியில் அது மாதக்கணக்கில் கெடாது. ஒரு துண்டை எடுத்தால், மீதி இறைச்சி வெளியே தெரியாதபடி மறுபடியும் கொழுப்பால் மூடவேண்டும். இப்படிப் பதப்படுத்திய இறைச்சிக்குக் கோன்ஃபி என்று பெயர். புட்டியில் அடைத்துக் கொதிக்கவைத்து உணவைக் காக்கும் முறையை நிக்கோலா அப்பேர் 1810இல் நூலாக வெளியிட்ட பின்னரும் கிராமங்கள் இந்த ஜாடியைக் கைவிடவில்லை.

உள்ளே முழுவதும் மெருகு இருப்பதைக் கவனியுங்கள். கொழுப்பு மண்ணில் ஊறாமலிருக்க அது அவசியம். வெளியே கீழ்ப்பாதியை நிலவறை மண்ணிலோ மணலிலோ புதைத்து வைத்ததால் அங்கே மெருகு தேவைப்படவில்லை என்று பழம்பொருள் வணிகர்கள் சொல்வார்கள். மெருகு விலையுள்ள சரக்கு, அடியில் பூசினால் சூளையில் ஒட்டிக்கொள்ளும் என்ற குயவரின் கணக்கும் அதில் உண்டென்பது என் கருத்து.

இனி மாவடு. அந்தக் காலத்து மெருகில் ஈயம் கலப்பது வழக்கம். குறைந்த சூட்டிலேயே கண்ணாடிபோல் உருகிப் படிவதற்கு ஈயம் உதவியது, அதனோடு சேரும் இரும்பு மஞ்சளையும் செம்பு பச்சையையும் தந்தன. மாங்காயின் புளிப்பு அந்த ஈயத்தைக் கரைத்து உப்புநீரில் இறக்கிவிடும், அது உடலில் சேர்ந்தால் எளிதில் வெளியேறாது. ஆகையால் உணவு எதையும் இதில் வைக்காதீர்கள். நீரில் ஊறவைத்தும் கழுவாதீர்கள். மெருகில்லாத அடிப்பகுதி தண்ணீரைக் குடித்துக்கொண்டால், காயும்போது உள்ளிருக்கும் உப்பு மேலே வந்து மெருகைப் பெயர்க்கும். ஈரத்துணியால் துடைத்தாலே போதும். அடியில் கருத்த எண்ணெய்க் கறை இருந்தால் சுரண்டிவிடாதீர்கள். எத்தனையோ குளிர்காலங்களின் வாத்துக் கொழுப்பாக அது இருக்கக்கூடும்.