பழத்தட்டுக்கு வரும் வெள்ளைக்கண்ணிக் குருவி படத்தில் கலங்கலாக விழுகிறதே?

ஷட்டர் வேகத்தை 1/250 நொடியிலிருந்து 1/1600 நொடிக்கு ஏற்றுங்கள். ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளி உணர்திறனை) ஆட்டோவில் விட்டு 3200 வரை போக விடுங்கள். லென்ஸில் உள்ள ஸ்டெபிலைசர் உங்கள் கை நடுக்கத்தைத்தான் தாங்கும். குருவி வெடுக்கென்று தலையைத் திருப்புவதை அதனால் நிறுத்த முடியாது.

எடுத்த படத்தைப் பெரிதாக்கி, குருவி பற்றியிருக்கும் குச்சியைப் பாருங்கள். குச்சியின் பட்டை தெளிவாக இருந்து, கண்ணைச் சுற்றிய வெள்ளை வளையம் மட்டும் இழுபட்டிருந்தால் பறவை அசைந்திருக்கிறது. இரண்டுமே மங்கலா? கை ஆடியிருக்கும். பின்னால் இருக்கும் இலை தெளிவு என்றால் ஃபோகஸ் தப்பிவிட்டது; ஒற்றை ஃபோகஸ் புள்ளியைப் பறவையின் கண்ணில் வையுங்கள்.

ஏற்காட்டுப் பனிமூட்டத்தில், அதுவும் சில்வர் ஓக் மர நிழலில், இந்த வேகத்துக்கு வெளிச்சம் போதாது; படம் புள்ளி புள்ளியாக வரும். மூட்டம் விலகும் வரை காத்திருங்கள். அப்புறம், பழத்தை அன்றன்றே மாற்றிவிடுங்கள், கெட்டுப்போனது பறவைக்கு ஆகாது.