மயில்கழுத்து நிறம் எங்கே போச்சு?

கேள்வி: சிங்கப்பூர் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கட்டித் தந்த எங்கள் புது பிடிஓ வீட்டுக் கிரகப்பிரவேச அழைப்பிதழை நானே கணினியில் வடிவமைத்தேன். திரையில் மயில்கழுத்து நிறம் பளபளவென்று இருந்தது, அச்சாகி வந்த 200 அட்டையும் அழுது வடிகிறது. அச்சகத்தில் கேட்டால் "ஃபைலே அப்படித்தான்" என்கிறார்கள். யார் மேல் தப்பு?
- ஒரு வாசகர், ஈசூன்

பதில்: அச்சகத்தைத் திட்ட வேண்டாம். திரை வெளிச்சத்தால் நிறம் காட்டுகிறது, அட்டையோ அறை வெளிச்சத்தில் மை விழுங்கியது போக மிச்சத்தைத்தான் திருப்பித் தருகிறது. சயான், மஜெந்தா, மஞ்சள், கறுப்பு என்ற 4 மைகளை எப்படிக் கலந்தாலும் திரையில் ஜொலிக்கிற அந்த நீலப்பச்சை வராது. பட்டுப்புடவையில் வருகிறதே என்பீர்கள், அது இரண்டு நிற நூல் செய்யும் வேலை.

நம்மால் முடிந்தது, அந்த மங்கலைக் காசு கொடுப்பதற்கு முன்பே பார்த்துவிடுவது. ஒரு வெள்ளைத் தாளைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து, காலியான வேர்ட் பக்கத்தோடு ஒப்பிடுங்கள். பக்கம் டியூப்லைட் மாதிரி எரிந்தால் பிரைட்னஸ் அதிகம், இரண்டும் ஒன்றுபோலத் தெரியும்வரை குறையுங்கள் (அச்சு வேலைக்கு சதுர மீட்டருக்கு 80 முதல் 120 கேண்டலா, அதாவது வெளிச்ச அளவு, போதும், பல மானிட்டர்கள் 250க்கு மேல் போகும்). திரையை மஞ்சளாக்கும் நைட் லைட் வசதியையும் அணைத்துவிடுங்கள். அடிக்கடி இந்த வேலை செய்பவர் என்றால், திரையில் ஒட்டி நிறத்தை அளக்கும் கலரிமீட்டர் வாங்கலாம், ஒரு அழைப்பிதழுக்காக வேண்டாம்.

அப்புறம், பிராஸ் பசா கடைகளோ வேறு எங்கோ, அச்சடிக்கும் இடத்தில் அவர்கள் மெஷினுக்கும் அந்தத் தாளுக்கும் உரிய ஐசிசி புரொஃபைலை, அதாவது அங்கே எந்த நிறம் எப்படி அச்சாகும் என்று கணினிக்குச் சொல்லும் ஃபைலை, கேட்டு வாங்குங்கள். ஃபோட்டோஷாப்பில் வியூ, புரூஃப் செட்டப், கஸ்டம் என்று போய் அதைத் தேர்ந்தெடுத்து, 'சிமுலேட் பேப்பர் கலர்' என்பதையும் டிக் செய்தால் மயில்கழுத்து அங்கேயே சப்பென்று ஆகிவிடும். பார்க்க வயிற்றெரிச்சலாகத்தான் இருக்கும், ஆனால் ஏறக்குறைய அதுதான் அட்டையில் வரப்போவது. கன்ட்ரோல் ஒய் தட்டித் தட்டி பழைய தோற்றத்தையும் இந்த மங்கிய தோற்றத்தையும் ஒப்பிட்டு, மங்கிய நிலையிலேயே நிறத்தைத் திருத்துங்கள். பளபளப்பில்லாத தாள் என்றால் இன்னும் மங்கும், அதற்குப் புரொஃபைலும் வேறு.

வந்த அட்டையை வரவேற்பறை மஞ்சள் விளக்கில் பார்த்தீர்களா? பகலில் வீவக தாழ்வாரத்தில் நின்று ஒருமுறை பாருங்கள், கொஞ்சம் தேறலாம். தேறவில்லை, விழாவுக்கும் நாள் இருக்கிறது என்றால், திருத்திய ஃபைலில் ஒரே ஒரு அட்டை அடித்துத் தரச் சொல்லிப் பார்த்துவிட்டு மீதியை அடியுங்கள்.