இலங்கையின் இலவசக் கல்வி வெள்ளைக்காரர் தந்ததா?

கேள்வி: இலங்கையில் பள்ளிக்கூடங்களை உண்டாக்கியது வெள்ளைக்காரர்களா? இலவசக் கல்வியும் அவர்கள் கொடுத்ததுதானா? இப்போதும் அது இலவசமாகத்தான் இருக்கிறதா?

பதில்: நான் திருகோணமலைக்காரன். முதல் இரண்டு கேள்விகளுக்கும் 'இல்லை' என்பதே என் பதில். ஆனால் இரண்டாவது 'இல்லை'யில் ஒரு முடிச்சு இருக்கிறது.

கப்பல்கள் வருவதற்கு முன்பே சிங்கள பௌத்தர்களிடம் பிரிவேனாக்கள், அதாவது பிக்குகள் கற்பிக்கும் விகாரைப் பள்ளிகள், இருந்தன. எங்களிடம் திண்ணைப் பள்ளிகள் இருந்தன. மணலில் விரலால் எழுதிப் பழகிய பிறகுதான் ஏடும் எழுத்தாணியும் கைக்கு வரும். அந்தத் திண்ணையில் எல்லோருக்கும் இடம் கிடைத்தது என்று மட்டும் பெருமை பேச வேண்டாம். சாதி பார்த்தார்கள், பெண் பிள்ளைகளில் மிகச் சிலரே படித்தார்கள்.

போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கற்களைக் கொண்டே இங்கே கோட்டை கட்டினார்கள். தாங்கள் பிடித்த கரையோரங்களில் மதம் பரப்பவே பள்ளி வைத்தார்கள். அடுத்து வந்த ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) கணக்குப் புலிகள். பள்ளித் தோம்பு என்ற பதிவேட்டில் ஞானஸ்நானமும் திருமணமும் பதிவாகும். பிள்ளை வராவிட்டால் பெற்றோருக்குத் தண்டப்பணம்.

ஆங்கிலேயர் காலத்தில் 1814இல் மெதடிஸ்தரும் 1816இல் அமெரிக்க மிஷனரிமாரும் வந்தார்கள். அவர்களுக்கு எதிர்வினையாக ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். அந்த அலை எங்கள் ஊருக்கும் வந்தது. 1897இல் இந்துக் கல்லூரி உருவானது. 1923இல் தங்கம்மா சண்முகம்பிள்ளை என்ற அம்மையார் பெண்களுக்கென்று தொடங்கிய பாடசாலைதான் இன்றைய ஸ்ரீ சண்முகா இந்து மகளிர் கல்லூரி. சுவாமி விபுலாநந்தரும் 1920களில் இங்கே இந்துக் கல்லூரியின் அதிபராக இருந்தார். இதைச் சொல்லாமல் திருகோணமலைக்காரர் யாரும் பேச்சை முடிக்கமாட்டார்கள்.

இனி அந்த முடிச்சு. பலர் நினைப்பதுபோல 1945க்கு முன் எல்லாப் பள்ளியிலும் பணம் வாங்கவில்லை. தமிழ்ப் பள்ளியில் சும்மா படிக்கலாம். ஆங்கிலப் பள்ளியில்தான் கட்டணம். அரசாங்க வேலையோ ஆங்கிலம் தெரிந்தவனுக்கு. என் அப்பப்பா தமிழ்ப் பள்ளியில் ஐந்தாம் வகுப்புவரை நன்றாகப் படித்தவர். ஆங்கிலப் பள்ளிக்கு மாதாமாதம் கட்ட வீட்டில் காசு இல்லை. டொக்யார்டில், அதாவது கப்பல் பட்டறையில், கூலி வேலைக்குப் போனார். அவருடைய தம்பி பதின்மூன்று வயது இளையவர். 1945 ஒக்டோபர் 1 முதல் கட்டணம் நீங்கியது. அடுத்த ஆண்டே தம்பி ஆங்கில வகுப்பில் உட்கார்ந்துவிட்டார். பிறகு கிளாக்கர் ஆனார். ஒரே வீடு, ஒரே மூளை. கல்யாண வீடுகளில் தம்பிக்குக் கதிரையும் அண்ணனுக்குப் பாயும் போடப்பட்டதை அப்பா கண்ணால் கண்டிருக்கிறார்.

நாடு அப்போது பிரித்தானியர் கையில்தான் இருந்தது, உண்மை. ஆனால் 1931இல் வந்த சர்வசன வாக்குரிமையால் தெரிவான அரசாங்க சபையில் (அன்றைய சட்டசபை) கல்வி அமைச்சராக இருந்த கன்னங்கராதான் இதற்காகப் போராடினார். அவரது குழுவின் அறிக்கை 1943இல் வந்தது. எதிர்ப்பும் பலமாக இருந்தது. கூலிக்காரன் பிள்ளையும் வாக்காளன் பிள்ளை என்றான பிறகே அந்தக் கதவு திறந்தது. ஆகவே வெள்ளைக்காரருக்கு நன்றி சொல்ல என்னால் முடியாது.

1960, 61இல், அரசின் பண உதவியோடு சமய அமைப்புகள் நடத்திய பாடசாலைகளில் பெரும்பாலானவற்றை அரசு பொறுப்பேற்றது. 1970களில், பல்கலைக்கழக அனுமதிக்குத் தமிழ் மாணவரிடம் கூடுதல் புள்ளி கேட்ட தரப்படுத்தல் வந்து எங்கள் அண்ணன்மாரைக் கசக்கியது. அதை எழுதினால் தனிப் பதிலாகிவிடும்.

மூன்றாவது கேள்வி. வகுப்புக்குக் கட்டணம் இல்லை, பாடநூல் இலவசம், சீருடைத் துணியும் கிடைக்கிறது. ஆனால் என் மகள் இந்த ஆண்டு தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை எழுதுகிறாள். பாடசாலை விட்டதும் ரியூசன், சனி ஞாயிறும் ரியூசன். மாதம் பிறந்தால் முதலில் எடுத்து வைப்பது அந்தக் காசைத்தான், மின்சாரக் கட்டணம் அதற்குப் பிறகு. அவளோடு படிக்கும் ஒரு பிள்ளையின் தகப்பன் மீன்பிடிக்குப் போகிறவர். கடல் கொந்தளிக்கும் மாதங்களில் அந்தப் பிள்ளை ரியூசனுக்கு வருவதில்லை. மகள் தன் கொப்பியை அவளுக்குக் கொடுத்துவிட்டு, திங்கட்கிழமை திருப்பி வாங்கிக்கொள்கிறாள்.